மோதுன பைக் சேஸு (வண்டியத் தாங்குற இரும்புச் சட்டம்): பெண்டு எடுக்கவா, வெல்டு அடிச்சு பட்டை குடுக்கவா, புதுசே மாத்தவா

போன மார்கழில எந்தம்பி கல்லிடைக்குறிச்சிலேருந்து பால் கேன கெட்டிக்கிட்டு விடியக்காலம் சேரன்மாதேவி பாதைல வந்துட்டு இருந்தான், நல்ல பனி, எதுத்தாப்ல ஒரு லாரி லைட்ட முழுசா போட்டுட்டு வர, ரோட்டோரம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கூட இல்லாம நின்ன வைக்கோல் டிரெய்லர் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்ல, நேரா பின்னாடி போயி குத்திட்டான். ஹெல்மெட் போட்டிருந்ததால ஆளு தப்பிச்சான், எடது மணிக்கட்டு மட்டும் ஒடஞ்சு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போட்டாவ. வண்டி 2021 ஆவணில எடுத்த ஸ்ப்ளெண்டர். முன் வீலப் பிடிச்சிருக்குற போர்க் குழா ரெண்டும் உள்ள மடங்கி டயரு என்ஜின்ல போய் ஒட்டிக்கிட்டு நிக்கி, ரோடு பூரா பாலு.

வண்டிய வீட்டு முன்னால கொண்டாந்து போட்டதும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாவ. மாமா, ஜாக்கி வச்சுத் தள்ளுனா அரை நாள் வேலைன்னாவ. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, வெல்டு அடிச்சு பலத்துக்கு நாலு இரும்புப் பட்டை குடுத்தா பழசவிட ஸ்ட்ராங்கா இருக்கும்னாவ. இன்னொருத்தரு காயலான் கடைல ஒரு சேஸு வாங்கி மாட்டிருங்க, யாரு பாக்கப் போறான்னாவ. தம்பிக்கு வண்டி இல்லன்னா பால் யாவாரம் நின்னு போகும், அதனால அவசரம் வேற. நான் மூணு வாரம் இதுக்காவ அலஞ்சேன், ஒவ்வொண்ணா கேட்டேன், அதத்தான் எழுதுதேன், இதே நெலமைல இன்னிக்கு யாரு வீட்டு முன்னாலயும் ஒரு வண்டி மடங்கிக் கெடக்கலாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். எந்த வழி நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி அடி எங்க வரைக்கும் போயிருக்குன்னு பாக்கணும், அது தெரியாம எந்தப் பட்டறைல ரேட்டு கேட்டும் பிரயோசனம் இல்ல. பைக்குல ஹேண்டில் பார் திரும்புற அந்தத் தடிச்ச குழா இருக்குல்லா, நெக்குன்னு சொல்லுவாவ, அதத் தொட்டிருக்கா தொடலயாங்கறதுதான் மொத்த விஷயமும். பின்பக்கம் சீட்டுக்குக் கீழ உள்ள பைப்பு வளஞ்சா அது ஒரு கத, நெக்கு அசஞ்சா அது வேற கத. ஒரே வண்டின்னாலும் ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் கெடையாது.

திருநெல்வேலி பேட்டைல ஒரு லேத்து பட்டறை அண்ணாச்சி, வயசு அறுபதுக்கு மேல, அவிய பாத்த விதத்த சொல்லுதேன். டேங்க கழட்டச் சொன்னாவ. டேங்குக்கு அடில, நெக்குக்கு ஒட்டுனாப்ல, மேல் டியூப்புலயும் என்ஜினுக்கு முன்னாடி எறங்குற டியூப்புலயும் பெயிண்டு பாலாடை சுருங்குன மாதிரி சின்னச் சின்ன மடிப்பா இருந்துச்சு. டேங்கு மாட்டியிருந்தா அது யாரு கண்ணுக்கும் தெரியாது. இரும்பு அங்கன அமுங்கியிருக்குன்னு அர்த்தம்ன்னாவ. அப்புறம் அந்த எடத்த சொரண்டிட்டு டீசல தொட்டுத் தடவுனாவ, மண்ணெண்ணதான் வழக்கம், இப்போ எங்க கெடைக்கு. அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு துணியால சுத்தமா தொடச்சுட்டு சாக்பீஸ நுணுக்கி அந்தப் பொடிய மேல தூவுனாவ. செத்த நேரத்துல வெள்ளப் பொடி மேல ஒரு தலமுடி கனத்துக்கு ஈரமா ஒரு கோடு எழும்பிச்சு, நெக்கு வெல்டுக்குக் கீழ ஒரு இஞ்சு நீளம். விரிசலுக்குள்ள போயி ஒளிஞ்ச டீசல் பொடில ஊறி வெளிய வாரது அது. நான் பக்கத்துல குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தேன், கண்ணு முன்னால கோடு வளருது. அது வரைக்கும் வெல்டு அடிச்சிரலாம்னுதான் எனக்கும் மனசுல ஓடுச்சு.

அதுக்கு மேல நூலு. ஹேண்டிலு, அது திரும்புறதுக்கு உள்ள பேரிங்கு கோன் செட்டு எல்லாம் கழட்டிட்டு நெக்குக்குள்ள ஒரு நேரான கம்பிய எறக்குனாவ, வண்டிய நேரா நிப்பாட்டி பின் வீலுக்கு தூக்குக்குண்டு விட்டாவ, பின்னாடி பத்தடி தள்ளி நின்னு ஒத்தக் கண்ண மூடிப் பாருன்னாவ. கம்பியும் நூலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். எங்க வண்டில மேல சமமா இருந்துச்சு, கீழ வர வர கம்பி எடது பக்கம் சாஞ்சு ஒரு விரக்கடை வித்தியாசம். நெக்கு பின்னாடி போனதோட நிக்கல, முறுக்கியும் இருக்கு. சும்மா வீல் அலைன்மெண்டு பாக்கணும்னா பின் டயர சுத்தி ரெண்டு பக்கமும் நூல முன்னால இழுத்து முன் டயருக்கு எடவெளி சமமான்னு பாத்தா போதும், அத வீட்டுலயே பண்ணலாம், ஆனா போர்க் வளஞ்சிருந்தா அந்தக் கணக்கு தப்பாத்தான் வரும், நேரான போர்க்க மாட்டிட்டுத்தான் பாக்கணும்.

இனி ஒவ்வொரு வழியா வாரேன்.

பெண்டு எடுக்குறது. ஜாக்கி வச்சுத் தள்ளுறது, சங்கிலி போட்டு இழுக்குறது, சில எடத்துல மரத்துல கெட்டி இழுக்குறதையும் பாத்தேன். செலவு கம்மி, நாளு கம்மி. புட்ரெஸ்ட் கம்பி, கிராஷ் கார்டு, கேரியரு, பின் லூப்பு, அதான் சீட்டுக்குக் கீழ உள்ள பின் பைப்பு, லேசா சாஞ்சதுன்னா இதுவே போதும், தாராளமா பண்ணலாம். ஆனா இரும்பு ஒரு தடவ மடங்கி நேரானா அது பழைய இரும்பு கெடையாது, கெட்டு கம்பிய கையால ரெண்டு மூணு தடவ அங்கிட்டும் இங்கிட்டும் மடக்குனா பட்டுனு ஒடையுதுல்லா, அதேதான். டியூப்பு வளஞ்சிருந்தா நிமுத்தலாம், நசுங்கி மடிப்பு விழுந்திருச்சுன்னா எவ்வளவு இழுத்தாலும் மடிப்புல பலம் திரும்பாது. நெக்கு பக்கம் பெண்டு எடுத்து ஓட்டுதவங்க நெறய பேரு இருக்காவ, நேராத்தான் ஓடும், ஆனா பிரேக்க பிடிக்கும்போதெல்லாம் வண்டி கனத்துல பெரும்பங்கு போர்க் வழியா அந்த நெக்குலதான் வந்து எறங்குது, தெனமும் நூறு தடவ. விரிசல் ஏற்கெனவே இருந்தா அது ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமா நீளும். செவக்க காச்சி அடிச்சு மேல தண்ணிய ஊத்தி ஆத்துறத பாத்தீங்கன்னா அங்கேருந்து வண்டிய எடுத்துட்டு வந்திருங்க, காச்சுன இரும்பு காத்துல தானா ஆறணும். போர்க் குழாய நிமுத்தித் தாரேன்னும் சொல்லுவாவ, அது வேண்டாம், புதுசு வாங்கிருங்க, அதுல மிச்சம் பிடிக்கக் கூடாது.

அடுத்தது வெல்டு அடிச்சு பட்டை குடுக்குறது. இதப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா இது சரியான எடத்துல சரியா செஞ்சா அருமையான வேல, தப்பா செஞ்சா ஆளக் கொல்லும், நம்ம பக்கம் ரெண்டும் நடக்கு.

எங்க சித்தப்பா கிட்ட ஒரு யமஹா ஆரெக்ஸ் 100 இருக்கு. 1985ல வந்து 1996ல நின்னு போன வண்டி அது, புது சேஸு இனி எங்கயும் கெடைக்காது, அதனால அவியளுக்கு ரிப்பேர விட்டா வேற வழியும் கெடையாது. ஷாக் அப்சார்பர் மாட்டுற எடத்துக்குப் பக்கத்துல பின் பைப்பு விரிசல் விட்டுச்சு. மொதல்ல ஒரு பட்டறைல, பேரு வேண்டாம், தண்ணி லைனுக்குப் போடுற ஜிஐ பைப்பத் துண்டா வெட்டி மேல வச்சு, ராடு வச்சு அடிக்குற ஆர்க் வெல்டுல சுத்திச் சுத்தி கட்டி கட்டியா அடிச்சு விட்டுட்டாவ. பாக்க தடியா, பலமாத்தான் தெரிஞ்சுச்சு. நாலு மாசம். வெல்டு ஒடையல, வெல்டுக்கு அரை இஞ்சு தள்ளி நல்ல பைப்பு ஒடஞ்சுச்சு. ஏன்னா ஒரு எடத்துல ரொம்ப கெட்டியாக்கிட்டா ஆட்டம் பூரா அந்தக் கெட்டி முடியுற எல்லைல போயி சேருது, வெல்டு சூட்டுல பக்கத்து இரும்பும் மாறிப் போயிருக்கும், அங்கன ஒடஞ்சுதான் தீரும். அதோட ஜிஐல துத்தநாகப் பூச்சு இருக்கு, அத உரிக்காம வெல்டு அடிச்சா வெள்ளப் பொகையா வரும், வெல்டு உள்ள ஓட்ட ஓட்டயா நிக்கும், அந்தப் பொகைய இழுத்தவருக்கு ராத்திரி குளிர் காய்ச்சலே வரும்.

ரெண்டாவது தடவ பேட்டை அண்ணாச்சி செஞ்சாவ, நான் கூடவே இருந்தேன். கெட்டுப் போன பாகத்த முழுசா வெட்டி எடுத்தாவ, நேரா வெட்டாம சாய்வா. உள்ள சரியா இறுக்கமா போற அளவுக்கு ஒரு சீம்லெஸ் பைப்ப, அதாவது ஒட்டு இல்லாத பைப்ப, லேத்துல கடஞ்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்சு உள்ள போற மாதிரி சொருகினாவ. வெளிப் பைப்புல ரெண்டு மூணு ஓட்ட போட்டு அந்த ஓட்டைல வெல்டு நெரப்பி உள்ள பைப்ப பிடிக்க வச்சாவ, அதுக்கப்புறம்தான் சாய்வு வெட்ட சுத்தி அடிச்சாவ, அதுவும் ஒரே இழுப்பா இல்ல, இந்தப் பக்கம் ஒரு பொட்டு, எதுத்த பக்கம் ஒரு பொட்டு, ஆற விட்டு ஆற விட்டு. ஒரே மூச்சுல அடிச்சா சூடு ஒரு பக்கமா இழுத்து பைப்பே வளஞ்சிரும். சிஓடூ வாயு விட்டு அடிக்குற வெல்டு மிஷின்லதான் அடிச்சாவ. சேஸு பைப்பு மெல்லிசு, ஏறக்குறைய 2 மில்லி கனம், அதுல தடி ராட வச்சு ஆர்க் அடிச்சா ஓட்ட விழும், ஓட்ட விழுதேன்னு கரண்ட கொறச்சா வெல்டு உள்ள எறங்காம மேலாப்புல ஒட்டிக்கிட்டு நிக்கும். பழகுன கைக்கு மெல்லிசு ராடுல ஆர்க்கும் வரும்தான். ஆர்கான் வாயு வச்சு அடிக்குறவங்க கெடச்சா இன்னும் சுத்தமா வரும்.

அதுக்கு மேல பலத்துக்கு முக்கோணத் தகடு ஒண்ணு, 3 மில்லி. இதுலதான் வெவரம் இருக்கு. தகட்டோட முனைய மொட்டையா விடாம வால் மாதிரி ஒடுக்கி விட்டாவ, பைப்பு நீளத்துக்கு மட்டும் வெல்டு அடிச்சாவ, முனைல பைப்புக்குக் குறுக்கா அடிக்கவே இல்ல. குறுக்கா ஒரு வெல்டு போட்டா அந்தக் கோட்டுலயே ஒடைய வழி போட்டுக் குடுத்த மாதிரின்னு சொன்னாவ. மத்தவங்க பட்டை குடுக்கேன்னு பைப்ப சுத்திப் பொட்டி மாதிரி மூடிருதாங்க, அதுக்குள்ள தண்ணி நின்னு துரு வேற பிடிக்கும். சித்தப்பா வண்டி இன்னைக்கும் அதே சேஸுலதான் மணிமுத்தாறு வரைக்கும் போயிட்டு வருது.

வெல்டுக்கு வண்டிய விடும்போது நம்ம கண்ணு பாக்க வேண்டியது: டேங்கும் கார்ப்பரேட்டரும் கழட்டி தள்ளி வச்சிருக்கணும், பேட்டரி வயர எடுத்திருக்கணும், இப்போ வார பிஎஸ்6 வண்டின்னா ஈசியூவயும், அதான் என்ஜின நடத்துற கம்ப்யூட்டர் பொட்டியயும், கழட்டிரணும். எர்த்து கிளிப்ப வெல்டு அடிக்குற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டச் சொல்லுங்க, எங்கயோ வீல்ல மாட்டுனா கரண்டு பேரிங் வழியா போயி பேரிங்கு குழி விழும். பெயிண்டு போயி இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் கிரைண்டிங் பண்ணணும், முடிஞ்சதும் வெல்ட தேச்சு மழுக்கி அழகு பாக்க வேண்டாம், தேச்சா உள்ள இருக்குற பலமும் போகும் குத்தமும் மறஞ்சிரும். துரு பிடிக்காம ரெட் ஆக்சைடு பெயிண்டு ஒரு கோட்டு அடிச்சா போதும்.

இவ்வளவு நல்லா செய்யத் தெரிஞ்ச அதே அண்ணாச்சிதான் எங்க ஸ்ப்ளெண்டர பாத்துட்டு, "தம்பி, இத நான் தொட மாட்டேன்"ன்னுட்டாவ. கூலிய விட்டுட்டு ஒரு மனுசன் அப்படி சொன்னா அதக் கேக்கணும். பின் பைப்பு ஒடஞ்சா வண்டி பின்னாடி தொங்கும், ஆளு எறங்கிரலாம், ஓடுற ஓட்டத்துல நெக்கு பிரிஞ்சா எறங்க நேரம் கெடையாதுன்னாவ.

காயலான் கடை சேஸப் பத்தி ரெண்டே வரி. வேண்டாம். நெக்குல சேஸ் நம்பர் அடிச்சிருக்கும், ஆர்சி புக்குல இருக்குற நம்பரும் அதுவும் ஒத்து வரணும், ஒத்து வராத வண்டி யாரோட திருட்டு வண்டியோன்னுதான் போலீஸு பாக்கும், நம்பர தேச்சுட்டு நம்ம நம்பர அடிச்சித் தாரேன்னு ஒருத்தரு எங்கிட்டயே சொன்னாரு, அது நேரா கேசு. நாள பின்ன ஒரு விபத்துன்னா இன்சூரன்சும் கைய விரிச்சிரும். அதுபோக அந்த சேஸு எந்த ஆக்சிடெண்டுல அடிபட்டு அங்க வந்துச்சோ.

புது சேஸு. செலவுதான் இதுல கஷ்டம், சேஸு வெல, மாத்துற கூலி, வயரிங்கு பூரா எறக்கி ஏத்தணும், என்ஜின எறக்கணும், எல்லாம் சேத்தா வெல்டு வேலயப் போல நாலஞ்சு மடங்கு வந்துச்சு. கடைல போயி பல்பு கேக்குற மாதிரி கேட்டா குடுக்க மாட்டாவ, ஆர்சி காப்பி, வண்டி போட்டோ எல்லாம் கேட்டுத்தான் ஆர்டர் போட்டாவ, வரவே மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு நடுவுல ஆர்டிஓ ஆபீசுல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், மாத்துன பொறவு பில்லோட வண்டியக் காமிச்சு இன்ஸ்பெக்டர் பாத்து ஆர்சில ஏத்தணும். ஆர்சில இருக்குற வெவரம் கம்பெனி மொதல்ல குடுத்ததுக்கு மாறாப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது, அதனால மாத்திட்டு பொறவு பாத்துக்கலாம்ங்கற பேச்சே கூடாது, மொதல்ல பேப்பர், பொறவு ஸ்பேனரு. அலைச்சல்தான், ஆனா கைல வாரது அடி படாத நெக்கு.

இன்சூரன்சு விஷயத்துல நாங்க ஏமாந்தோம், மத்தவங்க ஏமாறக் கூடாதுன்னு சொல்லுதேன். 2018 செப்டம்பர் 1லேருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம், அந்தப் பேப்பர பாத்துட்டு அஞ்சு வருஷமும் நம்ம வண்டிக்கு இன்சூரன்சு இருக்குன்னு தம்பி நெனச்சுக்கிட்டு இருந்தான். அது எதுத்தவங்களுக்கு நம்மளால வார சேதத்துக்கு. நம்ம வண்டி சேதத்துக்கு உள்ளது ஒரு வருஷத்துக்குத்தான் இருந்துச்சு, அத வருஷா வருஷம் புதுப்பிச்சிருக்கணும், யாரும் சொல்லவும் இல்ல நாங்க கேக்கவும் இல்ல. அது இருந்திருந்தா மூணு வருஷம் தாண்டி நாலு வருஷத்துக்குள்ள உள்ள வண்டிக்கு வழக்கமா இரும்பு சாமானுக்கு 25 சதவீதம், பிளாஸ்டிக் ரப்பருக்கு 50 சதவீதம் கழிச்சுட்டு மிச்சம் குடுத்திருப்பாவ. ரிப்பேர் செலவு வண்டிக்குப் போட்ட மதிப்புல 75 சதவீதத்த தாண்டுனா மொத்த நஷ்டம்னு கணக்கு முடிச்சு பணமா குடுத்திருவாவ. உங்களுக்கு அந்தப் பாலிசி இருந்தா இன்சூரன்சு சர்வேயர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி ஒரு போல்ட்டக் கூட கழட்டாதீங்க, பெண்டு எடுத்துட்டுப் போயி காமிச்சா கத முடிஞ்சுது.

வித்துட்டு வேற வண்டி எடுக்கலாமேன்னும் யோசிச்சோம். அடிபட்ட வண்டிக்கு கேட்ட வெல மனசுக்கு ஆறல, என்ஜினுக்கு ஒரு கீறல் இல்ல, புது வண்டி டியூ போட்டா மாசா மாசம் பால் காசு அதுக்கே போயிரும். பதினஞ்சு வருஷம் நெருங்குன வண்டின்னா நானே வித்திருங்கன்னு சொல்லியிருப்பேன், எப்சி, அதான் வண்டி ஓட்டத் தகுதின்னு வாங்குற சான்று, எடுக்குற செலவும் சேந்து வரும்.

கனடால இருக்குற எங்க மச்சான் கிட்ட இதப் பேசும்போது அவரு ஒரு வெவரம் சொன்னாரு. அங்க பனில ஓட்டுற ஸ்னோமொபைலு மோதி அடிபட்டா இதே கேள்விதான் வருமாம், ஆனா அதோட ஒடம்பு பெரும்பாலும் அலுமினியத் தகடு, ரிவெட்டு அடிச்சுச் சேத்தது, அதனால வளஞ்ச பாகத்த ரிவெட்ட துளச்சு எடுத்துட்டு புதுத் தகட்ட வச்சு ரிவெட்டு அடிக்குறதுதான் முறையாம். கெட்டிப்படுத்துன அலுமினியத்த வெல்டு அடிச்சா சூடு பட்ட எடம் எளகிப் போயிரும், இரும்பு மாதிரி கெடையாது. நம்ம ஊருலயும் இப்போ சில பெரிய பைக்குல சுவிங் ஆர்ம் அலுமினியத்துல வருது, அது விரிசல் விட்டா ரோட்டோரப் பட்டறைல விட்டுறாதீங்க, இரும்புக்கு கை பழகினவங்களுக்கு அது வேற தொழிலு.

கடைசில நாங்க புது சேஸுக்குப் போனோம். முன்பக்கத்துக்கு அதுதான் சரி. ஆனா வேல அதோட முடியல, ஏன்னா பழைய சேஸ பிரிச்சு வெளிய போட்டப்போ பின் லூப்புல கேரியர் மாட்டியிருந்த எடத்துலயும் ஒரு விரிசல், அது டிரெய்லர்ல மோதுனதால வந்தது கெடையாது, உள்ள துரு ஏறிப் பழசா இருந்துச்சு. 40 லிட்டர் கேன் ரெண்டு. ஒரு கேன் பாலு மட்டும் 41 கிலோ, ரெண்டுக்கும் 82, கேன் கனம் தனி. வண்டியே 112 கிலோதான். அவ்வளவு கனமும் பின் ஆக்சிலுக்கும் பின்னால தொங்குது, குழில விழும்போது லூப்பு ஒரு நெம்புகோல் மாதிரி கீழ இழுபடுது. மோதியிருக்காட்டாலும் என்னிக்காவது அங்கன ஒடஞ்சிருக்கும்.

அதனால புது சேஸுல கேரியர அந்த லூப்புல மட்டும் தொங்க விடல. அண்ணாச்சி ரெண்டு பக்கமும் கம்பி வளச்சுக் குடுத்தாவ, மேல கேரியர்ல, கீழ ஷாக் அப்சார்பர் போல்ட்டுக்கும் பின் புட்ரெஸ்ட் போல்ட்டுக்கும், எல்லாம் போல்ட்டு நட்டுலயே பிடிக்குது, சேஸுல ஒரு பொட்டு வெல்டு கூட அடிக்கல. கேனையும் நாலு விரக்கடை முன்னால தள்ளி சீட்ட ஒட்டிக் கெட்டச் சொன்னாவ. தம்பிக்கு ஒக்காரக் கொஞ்சம் எடஞ்சல்தான், ரெண்டு நாள்ல பழகிட்டான்.

மொத ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் எல்லா போல்ட்டயும் திரும்ப முறுக்கணும்னு சொல்லியிருந்தாவ, முறுக்குனோம், ரெண்டு போல்ட்டு கால் சுத்து வாங்குச்சு. கோன் செட்டையும் ஒரு தடவ டைட் பண்ணோம். இப்போ மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம, பால் ஊத்திட்டு வந்த பொறவு தம்பி டேங்க கழட்டி வச்சுட்டு நெக்கு ஓரமா நகத்த வச்சு மெதுவா தடவிப் பாக்கான், சந்தேகமா ஏதாவது தட்டுப்பட்டா டீசலும் சாக்பீஸும் வீட்டுலயே இருக்கு.